பழம்புடவைக்கு ஓர் அன்னக்கூடை

"பழைய துணிக்குப் பாத்திரம்! பட்டுப் புடவை, நூல் புடவை, பான்ட் சட்டைக்குப் பாத்திரம்!"

இந்தக் குரல் தெருவில் கேட்டதும் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு உண்டாகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அடுப்பில் பால் பொங்கினால்கூட நாம் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. பீரோ திறக்கும், பரணிலிருந்து மூட்டை இறங்கும். "ஐந்து புடவைக்கு இந்த டம்ளரா? உனக்கே நன்றாயிருக்கிறதா?" என்று வாசலில் வழக்கு ஆரம்பமாகும். பாத்திரக்காரரும் லேசுப்பட்டவரா? புடவையை உதறி வெளிச்சத்தில் பிடித்து, நாம் மறைத்து மடித்து வைத்திருந்த கிழிசலை ஒரே பார்வையில் கண்டுபிடித்து விடுவார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் உதட்டைப் பிதுக்குவார்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படியில் வழக்கு நடந்து கொண்டிருந்தது. பாத்திரக்காரர் ஒரு பெரிய எவர்சில்வர் அன்னக்கூடையைத் தூக்கிக் காட்டிக் கொண்டிருந்தார். அண்ணி எதிரே உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் பதினான்கு புடவைகள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் மேலே இருந்த மாம்பழ மஞ்சள் சுங்குடி கண்ணில் பட்டது. அது அம்மாவின் புடவை. அதன் கீழே நீலக் கட்டம், அதன் கீழே அரக்கு, அப்புறம் அந்தப் பாசிப் பச்சை. எல்லாம் அம்மாவின் புடவைகள். அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"அண்ணி! அம்மா புடவைக்கு அன்னக்கூடையா?" என்று கத்தி விட்டேன்.

கத்தினேன் என்றால் சாதாரணமாகக் கத்தவில்லை. எதிர் வீட்டு மாமி ஜன்னலுக்கு வந்து விட்டாள். பாத்திரக்காரர் தாமாகவே அன்னக்கூடையைக் கூடைக்குள் வைத்துக் கொண்டு, "அப்புறம் வரேம்மா" என்று எழுந்து போய் விட்டார். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே எடுத்துப் போனாள். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றி விட்ட பெருமிதத்தோடு நான் கூடத்தில் மின்விசிறியின் கீழே உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அண்ணி வாயைத் திறந்தாள்.

"அத்தை கடைசி ஒன்றரை வருஷம் படுக்கையிலே இருந்தாங்க. ஒரு நாளைக்கு மூணு புடவை மாத்தணும். அத்தனையும் என் கையாலே துவைச்சது. கொடியைப் பார்த்தா இந்தப் புடவைங்கதான் தொங்கும். நீ ஞாயித்துக்கிழமை வந்து பார்த்த அம்மா வேறே. நான் பார்த்த அத்தை வேறே. இப்பப் பெட்டியைத் திறந்தா அந்த மருந்து வாசனை குப்புனு வருது. திறக்கவும் முடியலே, மூடி வைக்கவும் முடியலே. அதான் கொடுத்துடலாம்னு பார்த்தேன். அன்னக்கூடைக்கு ஆசைப்பட்டு இல்லே."

பத்திரிகைக்காரிக்கு எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அன்று இருக்கவில்லை. அத்தனை வாரமும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக் கொண்டு போய், அரை மணி நேரம் உட்கார்ந்து, பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தவள் நான். புடவையைத் துவைத்தவள் அவள். அந்தப் புடவைமேல் யாருக்குப் பாத்தியதை அதிகம்?

*

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே அலபாமா நதி ஓரிடத்தில் குதிரை லாடம்போல வளைந்து போகிறது. அந்த வளைவுக்குள், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த சிற்றூர் ஒன்று. ஜீஸ் பெண்ட் என்று பெயர். 1816ஆம் ஆண்டு ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்காரர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845இல் அது பெட்வே என்பவர் கைக்கு மாறியது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க வம்சத்து அடிமைகள். அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்கள் அங்கேயே குத்தகைக்கு உழுது கொண்டு தங்கி விட்டார்கள். பழைய எஜமானின் பெயரே அவர்களுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக் கொண்டது. இன்றும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் பெட்வே என்பார்கள்!

பருத்தி விளைவித்தவர்கள்தாம், ஆனால் குளிருக்குப் போர்த்திக் கொள்ள அவர்களுக்குத் துணி கிடையாது. மர வீட்டின் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று வீசும். காற்றைத் தடுக்கச் சுவரெல்லாம் பழைய பத்திரிகைக் காகிதத்தை ஒட்டி வைப்பார்கள். (நம் பத்திரிகைகளுக்கும் இப்படி ஓர் உபயோகம் உண்டென்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.) பெண்கள் கிழிந்த கால்சட்டை, வேலைச் சட்டை, மாவு மூட்டைச் சாக்கு எல்லாவற்றையும் கிழித்து, துண்டு துண்டாக இணைத்து, கனத்த போர்வைகளாகத் தைத்தார்கள். இதைத்தான் அங்கே 'க்வில்ட்' என்கிறார்கள். கடைத்துணி வாங்கித் தைத்த போர்வை பார்க்க வேறு மாதிரி இருக்கும். இவர்களுடைய போர்வையில் முழங்கால் இருந்த இடம் வெளுத்திருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் துணியின் பழைய நிறம் சதுரமாக அப்படியே நிற்கும். அணிந்தவருடைய உழைப்பெல்லாம் துணியில் பதிந்திருக்கும்.

அந்த ஊரில் மிஸௌரி பெட்வே என்று ஓர் அம்மாள். 1942ஆம் ஆண்டு. கணவர் நோயில் காலமாகி விட்டார். அவர் விட்டுப் போன சொத்து, வயலுக்குப் போட்டுப் போன துணிகள்தாம். அந்த அம்மாள் மகள் ஆர்லோன்ஸியாவைக் கூப்பிட்டு, அப்பாவின் துணிகளையெல்லாம் கிழிக்கச் சொன்னார். கணவருடைய நினைவாக அவற்றை ஒரு போர்வையாக்கி, அன்பை வேண்டி அதன் கீழே படுத்துக் கொள்ளப் போவதாகச் சொன்னாராம். கால்சட்டையின் கால்களும் சட்டையின் வால்களுமாக, நீலமும் பழுப்பும் சாம்பலுமாக ஒரு போர்வை உருவாயிற்று. பல ஆண்டுகள் கழித்து, தாமும் கிழவியான பிறகு ஆர்லோன்ஸியா இதைச் சொன்னதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் போர்வை இப்போது வாஷிங்டன் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

கலைக்கூடம் வரைக்கும் அது எப்படிப் போயிற்று என்கிறீர்களா? அது தனிக் கதை. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து பேசினார். கறுப்பு மக்கள் வோட்டுரிமை கேட்டுப் போராடிய காலம் அது. ஆற்றைக் கடந்து தாலுகாத் தலைநகருக்குப் போக ஒரு படகு இருந்தது; 1962இல் அதையும் நிறுத்தி விட்டார்கள். அது மறுபடி ஓடத் தொடங்கியது 2006இல்! 1966இல் அக்கம் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து 'சுதந்திரத் தையல் கூட்டுறவு' ஒன்றை ஆரம்பித்துப் போர்வை விற்றுச் சம்பாதித்தார்கள். ஆனாலும் வீட்டில் இருந்த பழைய போர்வைகளை அவர்களே பெரிதாக நினைக்கவில்லை. கொசு விரட்டுவதற்குக் கொளுத்திப் புகை போட்டவர்கள்கூட உண்டு. கலைப்பொருள் சேகரிப்பவர் ஒருவர் 1990களின் கடைசியில் தேடி வந்து வாங்கினார். 2002இல் ஹூஸ்டன் மியூசியத்தில் கண்காட்சி நடந்தது, பிறகு நியூயார்க்கில். பெரிய பெரிய ஓவியர்களின் படங்களுக்குச் சமமாகப் பேசினார்கள். 2006இல் அமெரிக்கத் தபால் இலாகா பத்து ஜீஸ் பெண்ட் போர்வைகளைத் தபால் தலையில் அச்சிட்டது. கொசுப் புகைக்குப் போக இருந்த கந்தல், கவரில் ஒட்டி ஊர் ஊராகப் போயிற்று!

*

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தேசத்திலேயே இருக்கிறது.

வங்காளத்தில் 'காந்தா' என்பார்கள். நைந்த புடவைகளையும் வேஷ்டிகளையும் நாலைந்து அடுக்காக விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவது. ஊசி மேலே வந்து கீழே போகும் அந்த ஒரே தையல்தான். தையலுக்கு நூல் எங்கிருந்து? அதே பழம்புடவையின் கரையிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவி எடுப்பார்களாம். காசு கொடுத்து வாங்கியது ஊசி ஒன்றுதான். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலையிலும் மரமோ மாங்காயோ. இடையில் யானை, பல்லக்கு, சீப்பு, பாக்குவெட்டி என்று தையற்காரி கண்ட சமாசாரம் அத்தனையும் இருக்கும். குளிருக்குப் போர்த்துவது 'லேப்'. விருந்தாளிக்கு விரிப்பது 'சுஜனி'. புத்தகம் சுற்ற ஒன்று, கண்ணாடி சீப்பைச் சுற்றி வைக்க ஒன்று என்று தினுசு தினுசாக உண்டு.

இந்தக் காந்தாவை வைத்து ஜசீமுத்தீன் என்ற வங்கக் கவி 1929இல் ஒரு நீண்ட கதைப் பாடல் எழுதினார். ஊர்ச் சண்டையில் சிக்கி ஊரை விட்டு ஓடிப் போன கணவனுக்காக ஒரு கிராமத்துப் பெண் காத்திருக்கிறாள். காத்திருக்கும் நாளெல்லாம் தங்கள் வாழ்க்கையையே ஒரு காந்தாவில் தைக்கிறாள். சாகும்போது அதைத் தன் சமாதியின் மேலே விரிக்கச் சொல்லி விடுகிறாள். எழுதத் தெரியாத பெண்ணுக்கு அந்தத் துணிதான் கடிதம்.

கர்நாடகத்தில் உத்தர கன்னடக் காடுகளில் சித்தி என்ற மக்கள் இருக்கிறார்கள். இவர்களும் ஆப்பிரிக்க வம்சம்தான். கோவா வழியாக அடிமைகளாக வந்தவர்களின் சந்ததியார். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். ஒரு பழம்புடவையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். முன்கூட்டிப் படம் போடுவதில்லை. கையில் அடுத்துக் கிடைக்கும் துண்டு எதுவோ அதுதான் அடுத்த நிறம். முடிக்கும்போது நான்கு மூலையிலும் சிறு துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காத போர்வை, துணி உடுத்தாத ஆளுக்குச் சமானம் என்பது அவர்கள் எண்ணம். நெற்றியில் பொட்டு வைக்காமல் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப மனம் வராத நமக்கு இது புரியாதா என்ன?

நம் பக்கத்து வெயிலுக்குக் கனமான போர்வை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஆனால் பழம்புடவையை நாம் விட்டு விட்டோமா? பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது பாட்டியின் பழம்புடவை. புதுத் துணி உடம்பை உறுத்தும். தூளி கட்டுவது பழம்புடவையில். வடாம் பிழிந்து காய வைப்பது பழைய வேஷ்டியில். அதுவும் நைந்தால் குத்துவிளக்குக்குத் திரி. இல்லாவிட்டால் அடுப்படியில் பாத்திரம் பிடிக்கக் கரித்துணி. ஒரு புடவைக்கு இத்தனை ஜன்மம் வைத்திருந்தவர்கள்தாம் நம் பாட்டிமார்கள்.

*

அடுத்த ஞாயிறு போய், மிஸௌரி அம்மாளின் கதையை அண்ணியிடம் சொன்னேன். அண்ணி முருங்கைக் கீரை உருவிக் கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தக் கால்சட்டையை எல்லாம் அவங்கதானே துவைச்சிருப்பாங்க?"

"ஆமாம், வேறே யார்?"

அண்ணி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

பதினான்கையும் கூடத்தில் பரப்பினோம். மூன்று பாலியெஸ்டர், அவற்றை அண்ணி தனியே தள்ளினாள். அவை அம்மாவுக்கே பிடிக்காதவை. யாரோ கிரகப்பிரவேசத்துக்கு வைத்துக் கொடுத்தவை. மெல்லிய மல் புடவை இரண்டைத் தூளிக்கென்று எடுத்து வைத்தோம். அண்ணன் மகளுக்குத் தை மாதத்தில் பிரசவம். மிச்சம் ஒன்பது, எல்லாம் நூல் புடவை. ஏழு மேல் பக்கத்துக்கு, இரண்டு உள்ளே அடுக்குக்கும் அடிப்பக்கத்துக்கும்.

எப்படி அமைப்பது என்பதில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. நான் கட்டம் போட்ட காகிதத்தில் ஒன்பது புள்ளிக் கோலம் ஒன்றை வரைந்து, வர்ணம் தீட்டி, "இந்தச் சிக்கு மூலைக்கு மஞ்சள், இந்த இடத்துக்கு அரக்கு" என்று ஒரு பிளான் தயாரித்திருந்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. துணியில் இரண்டு முக்கோணம் வெட்டி இணைத்தபோது, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கொண்டு நின்றன. நைந்த துணியைக் குறுக்காக வெட்டினால் ரப்பர்போல நீளும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாவது முக்கோணத்தில் நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்து விட்டேன்.

அண்ணி வெகு நேரம் புடவைகளையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு ஏழையும் நீளவாக்கில் மடித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தரையில் போட்டாள். நீலக் கட்டம், பாசிப் பச்சை, அரக்கு, மஞ்சள் சுங்குடி, வெளுத்த ரோஸ், கறுப்புக் கரை போட்ட சந்தனம், கடைசியில் காவி.

"இது என்ன வரிசை அண்ணி?"

"கொடியிலே இப்படித்தான் காயும்."

நான் யோசித்துப் பார்த்தேன். ஜீஸ் பெண்ட் பெண்கள் சிலர், சுவரில் ஒட்டிய பத்திரிகைக் காகிதத்தைப் பார்த்தே டிசைன் பிடித்தார்களாம். நேர் நேராகப் பட்டை வைத்துத் தைப்பதற்கு அவர்கள் 'சோம்பேறிப் பெண்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வங்காளத்துப் பெண் பாக்குவெட்டியைத் தைத்தாள். 'எனக்குக் கற்பனை கிடையாது, வரையத் தெரியாது' என்று நம்மில் பலர் சொல்லிக் கொள்கிறோம். கற்பனைக்காக நாம் கடையில் டிசைன் புத்தகம் தேடுகிறோம். அண்ணி கொடியைப் பார்த்தாள். உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கூடத்துத் தரையில் பதித்த கல்லைப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகுக்குப் பக்கத்தில் மஞ்சளும், மஞ்சளுக்குப் பக்கத்தில் மிளகாயும் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். நாலு போர்வைக்கு வேண்டிய வர்ணச் சேர்க்கை அதிலேயே இருக்கிறது.

*

செய்து பார்க்க ஆசைப்படும் சகோதரிகளுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்லி விடுகிறேன்.

நூல் புடவையோடு நூல் புடவையே சேரும். பட்டையோ பாலியெஸ்டரையோ நடுவில் வைத்தால், துவைத்த பிறகு ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. போர்வை அப்பளம்போல நெளிந்து விடும். ஜரிகைக் கரை உடம்பை உறுத்தும். வெட்டி எடுத்து விடுங்கள். முதலில் எல்லாப் புடவையையும் வெந்நீரில் ஊற வைத்துக் கஞ்சி போக அலசுங்கள். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது. சாயம் போகிற துணி எது என்று அப்போதே தெரிந்து விடும். சந்தேகமாக இருந்தால் ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், பாத்திரக்காரர் பார்க்கிற மாதிரி! கண்ணாடிபோலத் தெரிகிற இடம் உள் அடுக்குக்கு. கெட்டியான இடம் மேலுக்கு. கொசுவமும் முந்தானையும் உழைத்திருக்கும். இடுப்புக்கு உள்ளே செருகிய பாகம் பெரும்பாலும் புதிதுபோல இருக்கும்.

கணக்கு சுலபம். ஐந்தரை கஜப் புடவை என்றால் பதினாறரை அடி. மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஐந்தரை அடி நீளம், 45 அங்குல அகலம். ஒருவர் போர்த்திக் கொள்ளப் போதும். எங்கள் இரண்டு புடவையிலும் ஆறு அடுக்கு வந்திருக்க வேண்டும். கிழிசல் போக நாலுதான் தேறியது. மேல் பக்கத்துக்கு ஏழு பட்டை, ஒவ்வொன்றும் ஏழு அங்குல அகலம். இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஆறரை. ஏழு ஆறரை நாற்பத்தைந்தரை. அரை அங்குலத்தை ஓரத்தில் கத்தரித்துக் கொள்ளலாம். பட்டைகளை மிஷினில் இணைத்து விடலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பிறகு தரையை நன்றாகத் துடைத்து, அடித்துணியைத் தலைகீழாக விரித்து, நாலு மூலையிலும் கனமாக ஏதாவது வையுங்கள். நாங்கள் வைத்தது இரண்டு அம்மிக் குழவி, ஓர் இட்லிப் பாத்திரம், என்னுடைய ஆங்கில அகராதி. மேலே ஒவ்வோர் அடுக்காக, நடுவிலிருந்து வெளியே நீவிக் கொண்டு போக வேண்டும். எல்லாம் ஒன்றாக நிற்பதற்கு, சாண் இடைவெளியில் நீளநீளமாகத் தற்காலிகத் தையல் ஒன்று போட்டு விட்டு, பிறகு நிஜத் தையலை நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி உப்பிக் கொண்டு நிற்கும். சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்து வருகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் துண்டுகளைப் போகப் போக மடித்துச் சேர்த்துக் கொண்டே வருகிறவர்கள். அந்தக் கை நமக்கு இன்னும் வரவில்லை.

அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் 45 வரி. மொத்தம் ஏறக்குறைய 247 அடி நீளத் தையல். அங்குலத்துக்கு நாலு ஊசிக் குத்து என்று வைத்துக் கொண்டால் பன்னிரண்டாயிரம் குத்து! பயப்படாதீர்கள். அண்ணி ராத்திரி சமையல் முடிந்து தினம் இரண்டு வரி போடுவாள். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து நாலு வரி போட்டேன். என் வரி எது, அவள் வரி எது என்று குருடர்கூடத் தடவிச் சொல்லி விடுவார்கள். என்னுடையது பஸ் ரூட்டைப்போல வளைந்து போகும். பிரித்து விடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், நீயும் போட்டேன்னு தெரிய வேண்டாமா?" என்றாள்.

இரண்டாம் வாரம் ஒரு சின்னச் சண்டை வந்தது. மஞ்சள் சுங்குடிப் பட்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. நாலு முறை துவைத்தும் போகவில்லை. "இதை வெட்டி விட்டு வேறே துண்டு வைக்கலாம் அண்ணி, நட்ட நடுவில் வருகிறதே" என்றேன்.

"வேண்டாம்."

"அசிங்கமாக இருக்காதா?"

அண்ணி ஊசியில் நூலைக் கோத்துக் கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அது டானிக். என் கைதான் நடுங்கிக் கொட்டிடுச்சு. ராத்திரி ரெண்டு மணி. புதுப் புடவை மாத்தி அரை மணி ஆகலே. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அத்தை என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. 'போனாப் போகுது, மஞ்சள்தானே, தெரியாது'ன்னாங்க. கடைசியா அவங்க சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்."

அந்தக் கறை போர்வையின் நடுவில் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி அண்ணி சிவப்பு நூலில் ஒரு வரி தைத்திருக்கிறாள். தெரியாதவர்கள் பூ என்று நினைத்துக் கொள்வார்கள்.

*

கார்த்திகைத் தீபத்துக்கு முந்திய வாரம் முடிந்தது. யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, "நீ எடுத்துக்கிட்டுப் போ, உங்க அம்மா புடவை" என்றாள் அண்ணி. நான் மடித்து அவள் பெட்டியில் வைத்து விட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு விட்டு அங்கேயே அரை மணி படுத்து எழுந்தால் எனக்குப் போதும். தீபாவளிக்குப் பாண்டி பஜாரிலிருந்து வேறொன்றும் அவளுக்கு வாங்கிக் கொண்டு போயிருந்தேன். என்னவென்று ஊகித்திருப்பீர்கள்.

போன வாரம் போனபோது போர்வையை வெயிலில் போட்டிருந்தார்கள். ஏழு புடவையும் ஒரே கொடியில், பழைய வரிசையில். அண்ணி அதன் பக்கத்திலேயே நின்று அப்பளம் புரட்டிக் கொண்டிருந்தாள்.

"பழைய துணிக்குப் பாத்திரம்!"

அதே பாத்திரக்காரர். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். அண்ணியே கூப்பிட்டு, அந்த மூன்று பாலியெஸ்டரையும் போட்டாள். பேரம் படிந்து ஒரு சின்னக் கிண்ணம் கிடைத்தது. பேரக் குழந்தைக்குப் பருப்பு சாதம் பிசைய ஆகும் என்று உள்ளே எடுத்து வைத்தாள். பாத்திரக்காரர் கூடையைத் தலையில் தூக்கப் போனவர், கொடியைப் பார்த்து நின்று விட்டார். பக்கத்தில் போய் ஓரத்தைப் புரட்டினார். தொழில் வழக்கப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, ஐந்து அடுக்கு அல்லவா!

"இதைப் போடறீங்களாம்மா? அந்த அன்னக்கூடையே தரேன்."

"வேண்டாம்ப்பா," என்றாள் அண்ணி, அப்பளத்தைப் புரட்டிக் கொண்டே. "அன்னக்கூடை நாத்தனார் வாங்கிக் கொடுத்துட்டாங்க."